சிலுவையனின் நோட்டும் என் சட்டைப் பையும்

ஒரு கூட்டத்தில் மேலதிகாரி என்னைப் பார்த்து, "உங்கள் பிரிவில் யாருக்காவது இதில் வேறு கருத்து இருக்கிறதா?" என்று கேட்டார். "இல்லை சார்" என்றேன். அந்த நேரத்தில் அந்த வேறு கருத்து நான்காக மடித்த மஞ்சள் தாளாக என் சட்டைப் பையில் இருந்தது. நான் சொன்ன அந்தப் பொய்யால் விழிஞ்ஞத்து மீனவர் ஒருவர் தன் நோட்டுப் புத்தகத்தை மூன்று ஆண்டுகள் இழந்தார். அதில் எவ்வளவு இழந்தார் என்பதைப் போகப் போகச் சொல்கிறேன்.

பகுப்பாய்வுப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருப்பவர்களுக்காக என் அனுபவங்களை எழுதித் தரச் சொல்லிக் கேட்டிருந்தார்கள். வெற்றிக் கதைகளை எதிர்பார்த்திருப்பார்கள். எங்கள் வேலையில் வெற்றி என்பது பெரும்பாலும் ஏதோ ஒன்று நடக்காமல் போவது. அது நாங்கள் தடுத்ததால் நடக்கவில்லையா, இல்லை எப்படியும் நடந்திருக்காதா என்பது கடைசி வரைக்கும் தெரியாது. தோல்விக்கு அந்தக் குழப்பம் கிடையாது. பெயர், முகவரி எல்லாம் அதற்கு உண்டு. அதனால் தோல்வியையே எழுதுகிறேன். இன்னொன்று. அலுவலகத்தில் எல்லாவற்றையும் 'கருதப்படுகிறது' என்று முடிப்போம். கருதியவர் யார் என்று யாருக்கும் தெரியாது. இந்தக் கட்டுரையில் கருதியவன் நான்.

எங்கள் அலுவலகம் திருவனந்தபுரத்தில், சாதாரணமான ஒரு மாடிக் கட்டிடம். கடலோரப் பாதுகாப்பு பற்றி வெளியே இருப்பவர்கள் அனுப்பும் தகவல்களைப் படித்து, அவற்றுக்கு என்ன பொருள் என்று சொல்வது எங்கள் வேலை. துப்பாக்கி கிடையாது. நாங்கள் துரத்தியதெல்லாம் கோப்புகளைத்தான், அவையும் பெரும்பாலும் தப்பிவிடும்.

முதலில் எனக்குக் கைதட்டல் வாங்கித் தந்த கதை. அதைச் சொல்லாவிட்டால் அடுத்தது புரியாது. ஒரு முறை ஒரே வாரத்தில் மூன்று அலுவலகங்களிலிருந்து மூன்று தகவல்கள் வந்தன. வெளிநாட்டுக்காரர் ஒருவர் கலங்கரை விளக்கத்தைத் தொடர்ந்து படம் எடுக்கிறார் என்று மூன்றும் சொல்லின. மூன்றிலும் 'நம்பகமான வட்டாரம்' என்று இருந்தது. மூன்று பேர் தனித்தனியாகச் சொன்னால் உண்மையாகத்தானே இருக்கும் என்று எல்லோரும் பரபரப்பானார்கள். நான் மூன்று பேருக்கும் தொலைபேசியில் பேசி, யார் சொன்னது என்று மட்டும் கேட்டேன். மூன்று பேருக்கும் சொன்னது விழிஞ்ஞம் துறைக்கு அருகில் இருக்கும் ஒரே டீக்கடைக்காரர். மூன்று அலுவலகத்து ஆட்களும் அங்கேதான் டீ குடிப்பார்கள். அவர் யாரிடமும் பாரபட்சம் காட்டாமல் எல்லோருக்கும் சொல்லியிருக்கிறார். அந்த வெளிநாட்டுக்காரர் படம் எடுத்தது தன் மனைவியை. கலங்கரை விளக்கம் அந்த அம்மாளுக்குப் பின்னால் நின்றதுதான் அதன் குற்றம்.

ஒரு வாயிலிருந்து வந்ததை மூன்றாக எண்ணாதீர்கள் என்று பல பயிற்சி வகுப்புகளில் இந்தக் கதையைச் சொன்னேன். ஒவ்வொரு முறையும் சிரிப்பார்கள், கைதட்டுவார்கள். நான் ஏமாற மாட்டேன் என்று எனக்கே ஒரு எண்ணம் வந்துவிட்டது. ஏமாறுவதற்கு அதைவிடப் பெரிய தகுதி வேண்டியதில்லை.

விழிஞ்ஞத்தில் துறைமுகக் கட்டுமானம் மும்முரமாக நடந்துகொண்டிருந்த காலம். கடலில் ரோந்து சென்றவர்கள் ஒரு ஃபைபர் படகை நிறுத்திச் சோதித்தபோது, ஐஸ் பெட்டிக்கு அடியில் பிளாஸ்டிக் உறையில் சுற்றிய ஒரு பழைய நோட்டு கிடைத்தது. பக்கம் பக்கமாகப் படங்கள். தேவாலயத்துச் சிலுவை, கலங்கரை விளக்கம், தண்ணீர்த் தொட்டி, கடைசிப் பக்கங்களில் துறைமுகத்தின் கிரேன்கள், புதிதாக எழும்பிய அலைத்தடுப்புச் சுவர். ஒன்றின் மேல் ஒன்று வரும்படி நேர்க்கோடுகள். ஒவ்வொரு படத்தின் கீழும் ஓர் எண். பழைய சில படங்களை அடித்துவிட்டுப் பக்கத்தில் புதிதாக வரைந்திருந்தது. படகுக்காரரின் பெயர் சிலுவையன், ஐம்பத்தைந்து வயது இருக்கும். அவரிடம் நான்கு நாட்கள் விசாரித்தார்கள். விசாரணைக் குறிப்பின் நகலும் நோட்டும் என் மேசைக்கு வந்தன.

குறிப்பில் இப்படி இருந்தது. கேள்வி: இந்தப் படங்கள் எதற்கு? பதில்: மீன் பிடிக்கத்தான். கேள்வி: மீன் பிடிக்க கிரேன் எதற்கு? பதில்: மௌனம்.

அந்த 'மௌனம்' என்ற சொல்லின் கீழ் நான் சிவப்புப் பென்சிலால் இரண்டு கோடுகள் போட்டேன். நோட்டின் பக்கங்களிலும் ஓரத்தில் என் ஊகங்களைச் சிவப்பில் எழுதினேன். அன்று மாலையே அறிக்கை தயாரானது. 'துறைமுக நிறுவல்களைத் திட்டமிட்டு அளவெடுத்திருப்பதற்கு மிக அதிக வாய்ப்பு உள்ளது' என்று எழுதினேன். மறுநாள் காலை அது மேலே போனது. பத்து மணிக்குள் பாராட்டும் வந்துவிட்டது.

பதினொரு மணிக்கு அமுதா என் அறைக்கு வந்தாள். எங்கள் பிரிவில் சேர்ந்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. போனக்காடு தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்யும் குடும்பத்துப் பெண். படித்ததெல்லாம் மலையாளத்தில், என்னிடம் மட்டும் தமிழில் பேசுவாள். நானும் திருவனந்தபுரத்துச் சாலைக் கடைத்தெருவில் கயிற்றுக் கடை வைத்திருந்த திருநெல்வேலிக் குடும்பத்துக்காரன் என்பதால் எங்களுக்குள் அப்படி ஒரு வழக்கம்.

"சாரே, இந்தப் பக்கத்துல பின்னாடி கோணல் கோணலா ஒரு கோடு இருக்கு அல்லோ, அதுக்கு என்ன எழுதியிருக்கீங்க?"

"அலைவரிசை வரைபடமோன்னு ஒரு சந்தேகம்."

"அது மலை சார். எங்க மலை."

"எந்த மலை?"

"அகத்தியமலை. நாங்க தெனமும் அதைப் பாத்துத்தான் பல்லு தேய்ப்போம். இவரு கடல்லேருந்து பாத்திருக்காரு, அதான் முன்னாடி பின்னாடி மாறிக் கெடக்கு." அவள் நோட்டைத் திருப்பிக் காட்டினாள். "துறைமுகத்தை அளக்க வந்த ஆளுக்கு அங்கேருந்து இம்புட்டு தூரத்துல இருக்கற மலை எதுக்கு சார்?"

பதில் தெரியாதபோது அதிகாரிகள் செய்வதைச் செய்தேன். "எழுதிக் கொடு, பார்க்கிறேன்" என்றேன்.

அரை மணியில் ஒரு மஞ்சள் தாளில் எழுதிக் கொண்டுவந்துவிட்டாள். மலையைப் பற்றி எழுதியிருந்தாள். எண்கள் தூரமாக இல்லாமல் ஆழமாக இருக்கலாம் என்று எழுதியிருந்தாள். மூன்றாவதாக எழுதியிருந்ததுதான் என்னைச் சுட்டது. விசாரணைக் குறிப்பின் அடியில் ஒரு கையெழுத்து இருந்தது. நான் பார்த்தும் பார்க்காமல் விட்டது. கடலோரக் காவலுக்கு உதவியாக அந்தந்தக் கரையிலிருந்தே சிலரை வார்டன்களாக எடுப்பார்கள். கடற்புரத்துப் பேச்சு புரியட்டும் என்று சிலுவையனின் கரையைச் சேர்ந்த ஒரு வார்டனை விசாரணையின்போது பக்கத்தில் உட்கார வைத்திருக்கிறார்கள். கையெழுத்து அவருடையது. அவர் வீட்டிலும் படகு உண்டு.

"அதனால என்ன?" என்று கேட்டேன்.

"எஸ்டேட்ல ஒருத்தருக்குத் தேன்கூடு இருக்கற எடம் தெரியும்னு வைங்க. பக்கத்து லயத்து வீட்டுக்காரன் கூட இருக்கறப்போ போலீஸ் இல்ல, சாமியே வந்து கேட்டாலும் சொல்ல மாட்டாரு சார். இவரைத் தனியா வெச்சு ஒரு தடவை கேட்டா போதும்."

ஒரு மணி நேர வேலை. ஒரு தொலைபேசி அழைப்பு. யார் சொன்னது என்று மூன்று பேரிடம் கேட்டுப் பெயர் வாங்கிய எனக்கு, ஒருவர் சொல்லாமல் இருந்தபோது அறையில் வேறு யார் இருந்தார்கள் என்று கேட்கத் தோன்றவில்லை. தோன்றியவள் எதிரே நின்றாள். பன்னிரண்டு மணிக்குக் கூட்டம். தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனேன். வழியில் நினைத்துக்கொண்டது எல்லாம் காலையில் வந்த பாராட்டைப் பற்றித்தான். பிறகு நடந்ததை முதலிலேயே சொல்லிவிட்டேன்.

திரும்பி வந்ததும் அமுதா கேட்டாள். "சார், என் குறிப்பு போச்சா?"

"போச்சு" என்றேன்.

சிலுவையன் மேல் எதுவும் நிரூபிக்கப்படவில்லை. அவரை அனுப்பிவிட்டார்கள், படகையும் கொடுத்துவிட்டார்கள். நோட்டு மட்டும் 'ஆய்வில் உள்ளது' என்ற சீட்டோடு என் அறையில் இருந்த இரும்பு அலமாரிக்குள் போனது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஒரு படிவம் வரும். இந்தப் பொருளை வைத்திருக்க வேண்டுமா, திருப்பித் தரலாமா? திருப்பித் தரலாம் என்றால் காரணம் எழுத வேண்டும். 'என் மதிப்பீடு தவறு' என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை. வைத்திருக்க வேண்டும் என்றால் எதுவும் எழுத வேண்டாம், ஒரு குறி போட்டால் போதும். நான் மூன்று ஆண்டுகள் குறி போட்டேன்.

மாதத்தின் முதல் திங்கட்கிழமை பதினொரு மணிக்கு வாசல் காவலர் கூப்பிடுவார். "சாரே, உங்க நோட்டுக்காரர் வந்திருக்கார்." சிலுவையன் ஒரு மனு கொண்டுவருவார். 'என் நோட்டு எனக்கு வேண்டும்' என்பதுதான் மனுவின் முழு வாசகம். மனுவை வாங்கிக்கொள்ளச் சொல்வேன், கீழே இறங்கிப் போக மாட்டேன். ஒரு நாள் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். எதிர் மரத்தடியில் நின்று, இரண்டு கைகளையும் அகல விரித்துக் காவலரிடம் ஏதோ மீனின் நீளத்தைக் காட்டிக்கொண்டிருந்தார். காவலர் வாய்விட்டுச் சிரித்தார். வாசலில் அவர் எல்லோருக்கும் வேண்டியவராகிவிட்டார். என் ஒருவனுக்குத்தான் அவர் வரும் நாளில் அந்த வாசல் பக்கம் போகப் பிடிக்காது.

மனசாட்சி உறுத்தியதால் எல்லாவற்றையும் சரிசெய்தேன் என்று எழுத ஆசைதான். உண்மையில் என்னை மாட்டிவிட்டது ஒப்படைப்புப் பட்டியல். நான் ஓய்வு பெற மூன்று வாரம் இருக்கும்போது, என் பொறுப்பை அமுதாவிடம் ஒப்படைக்கச் சொல்லி உத்தரவு வந்தது. அலமாரியில் இருப்பதையெல்லாம் பட்டியல் எழுத வேண்டும். 'பழைய நோட்டு ஒன்று, ஆய்வில் உள்ளது' என்று எழுதினால் அவள் படிப்பாள். மேசையின் அடி அறையில் அந்த மஞ்சள் தாளும் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு தாள் கிழிக்கும் இயந்திரம் வரை போனேன். அது பழுதாகி ஒரு மாதம் ஆகியிருந்தது. அதன் மேல் யாரோ ஒரு செடி வைத்திருந்தார்கள். அந்தச் செடியைப் பார்த்துக்கொண்டு ஐந்து நிமிடம் நின்றேன். இதைவிடக் கேவலமான ஐந்து நிமிடம் என் பணிக்காலத்தில் இல்லை.

திரும்பி வந்து மேலதிகாரிக்கு ஒரு பக்கம் எழுதினேன். மாற்றுக் கருத்து இருந்தது, இதோ அந்தத் தாள், இதை மறைத்தவன் நான், நோட்டைத் திருப்பித் தர வேண்டும். அனுப்புவதற்கு முன் அமுதாவைக் கூப்பிட்டுப் படிக்கக் கொடுத்தேன். அவள் நின்றபடியே படித்தாள்.

"எனக்குத் தெரியும் சார்."

"என்ன தெரியும்?"

"அன்னிக்குக் கூட்டம் முடிஞ்சு வந்தீங்க அல்லோ, பாக்கெட்ல மஞ்சளா வெளிய நீட்டிக்கிட்டு இருந்துது."

"அப்புறம் ஏன் போச்சான்னு கேட்டே?"

"நீங்க எடுத்துக் குடுப்பீங்கன்னு நெனச்சேன்." படித்த பக்கத்தை என் மேசையில் வைத்தாள். "நான் நேரா மேல எழுதியிருக்கணும். அப்ப பயம். எட்டு மாச சர்வீஸ்ல யாருக்கு சார் தைரியம் வரும்?"

நண்பர்களே, உங்கள் மதிப்பீட்டுப் படிவத்தின் கடைசியில் இப்போது ஒரு கட்டம் இருக்கிறதே, 'இதில் உடன்படாதவர் பெயரும் காரணமும்' என்று, அது அமுதா என் நாற்காலியில் உட்கார்ந்த முதல் மாதத்தில் சேர்த்தது. உடன்படாதவரே அதைத் தன் கையால் எழுத வேண்டும் என்றும் விதி வைத்திருக்கிறாள். யாருடைய சட்டைப் பையை மனதில் வைத்து அந்த விதி வந்தது என்று உங்களுக்கு இப்போது தெரியும்.

எனக்கு எழுத்தில் ஒரு கண்டனம் கிடைத்தது. ஓய்வுக்குப் பிறகு ஆலோசகராக வைத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்ததைக் கைவிட்டார்கள். வழியனுப்பு விழா மாடி அரங்கத்திலிருந்து கேண்டீனுக்கு இறங்கியது. டீயும் பழம்பொரியும். மேலதிகாரி நான்கு நிமிடம் பேசினார். அதில் இரண்டு நிமிடம் மழையைப் பற்றி. பழம்பொரி நன்றாக இருந்தது. நான் மூன்று சாப்பிட்டேன். முதுகில் இருந்து ஏதோ இறங்கியதுபோல் இருந்தது.

நோட்டைத் திருப்பித் தரும் உத்தரவு வர மேலும் இரண்டு மாதம் ஆனது. அமுதா அதை எடுத்துக்கொண்டு விழிஞ்ஞத்துக்குப் போனபோது, நானும் வருகிறேன் என்றேன். துறைக்குப் பக்கத்துச் சந்தில் சிலுவையனின் வீடு. வாசலில் அவர் மனைவி ரோசம்மா மீன் கூடையைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தார். அமுதா என்னை இன்னாரென்று சொன்னாள்.

"இவரா? மூணு வருஷம் எங்க ஆளை வாசல்ல நிக்க வெச்ச சார் இவரா?" ரோசம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். "பெரிய மீசையும் பூட்ஸுமா இருப்பாருன்னல்லோ நெனச்சேன். இது கணக்கு வாத்தியார் மாதிரி இருக்கு."

சிலுவையன் வெளியே வந்தார். நான் தயாராக வைத்திருந்த மன்னிப்பு வாக்கியங்கள் எல்லாம் போய், "நான்தான் தப்பு செய்தது. இந்தப் பெண் சரியாகச் சொன்னாள், நான் மறைத்துவிட்டேன்" என்பது மட்டும் வந்தது. நீங்கள் பேசாமல் இருந்ததைக் குற்றம் என்று நினைத்து அந்தச் சொல்லின் கீழ் இரண்டு கோடு போட்டேன் என்றும் சொன்னேன்.

"ரெண்டு கோடா?" என்றார் அவர். "அந்த வார்டனை மடியில உக்கார வெச்சுக்கிட்டு, கணிச்சத்தைச் சொல்லுன்னா யாரு சொல்லுவா சாரே? சொன்னா மறுநாளு அவன் வள்ளம் அல்லோ அங்க நிக்கும்."

கணிச்சம் என்றால் என்ன என்று அவரே விளக்கினார். கடலுக்கு அடியில் மீன் அடையும் பாறைத் திட்டுகள் உண்டு. அவற்றைப் பார் என்பார்கள். கடலில் நின்று கரையைப் பார்த்தால், தேவாலயத்துச் சிலுவை மலையின் பள்ளத்துக்கு நேராக வரும் இடம் ஒரு கோடு. அந்தப் பக்கம் கலங்கரை விளக்கம் தண்ணீர்த் தொட்டியை மறைக்கும் இடம் இன்னொரு கோடு. இரண்டும் ஒரே நேரத்தில் சரியாக வரும் இடத்தில் படகுக்கு அடியில் பார் இருக்கும். கீழே எழுதிய எண் ஆழம். அதைச் சொல்லும்போது இரண்டு கைகளையும் விரித்தார். அது ஒரு பாகம். எங்கள் சாலைக் கடையில் மீனவர்களுக்கு அப்பா கயிற்றை இப்படித்தான், பாகம் பாகமாக அளந்து கொடுப்பார். நானே அளந்திருக்கிறேன். ஜன்னல் வழியாக அன்று பார்த்தபோதும் அவர் கை விரித்து நின்றார். மீன் நீளம் என்று நினைத்தேன்.

"இப்போ ஜிபிஎஸ் இருக்கே?" என்று கேட்டேன்.

"இருக்கு. மச்சான் ஒரு நாளு இரவல் கேப்பான். குடுக்காம இருக்க ஒக்குமா? குடுத்தா என் பாரெல்லாம் அவன் கையில. நோட்டை யாரும் இரவல் கேக்க மாட்டான்." பிறகு அமுதாவைப் பார்த்துச் சொன்னார். "உங்க ஆபீஸு மட்டுந்தான் கேட்டுது."

நோட்டைத் திறந்து ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தார். என் சிவப்பு எழுத்தில் விரல் வைத்து, என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். வேறு வழியில்லாமல் வாசித்துச் சொன்னேன். "'ராடார் கோபுரமாக இருக்கலாம்.'"

கணவனும் மனைவியும் படத்தைப் பார்த்தார்கள். ரோசம்மாதான் முதலில் சிரித்தது. "ஐயோ, அது ரெட்டைத் தெங்கு! நம்ம அந்தோணியார் கோயிலுக்குப் பின்னாடி நின்ன ரெட்டைத் தெங்கு!" அமுதாவும் சேர்ந்து சிரிக்க, நானும் சிரித்தேன். சிலுவையனும் சிரித்துக்கொண்டேதான் பக்கத்தைத் திருப்பினார். இரண்டு பக்கம் கழித்து அவர் சிரிப்பு நின்றுவிட்டது.

"அந்தத் தெங்கை வெட்டி ரெண்டு வருஷமாச்சு" என்றார். "மலைக்கு முன்னாடி கிரேன் வந்துட்டு. அலைத்தடுப்பு நீண்டுட்டு. இது புதுசு வரவர நான் மாசா மாசம் அடிச்சுத் திருத்திக்கிட்டு இருந்த நோட்டு சாரே. பழைய அடையாளம் மறையறதுக்கு முன்னாடி புதுசைப் பாத்து எழுதணும். மூணு வருஷம் எழுதல." நோட்டை மூடினார். "நோட்டு வந்துட்டு. கணிச்சம் போச்சு."

திருப்பித் தந்தால் தீர்ந்தது என்று நினைத்துத்தான் நான் அங்கே போயிருந்தேன். ஒரு பொருளை வைத்திருக்கும் காலத்தில் அது கெட்டுப்போகும் என்பது எந்தப் படிவத்திலும் இல்லை. பத்தொன்பது பார்களின் கணிச்சம் அந்த நோட்டில் இருந்தது. வழக்கமாகப் போகும் சிலவற்றுக்குக் கையும் கண்ணும் பழகியிருந்ததால் அவர் தட்டுத் தடுமாறிப் போய்க்கொண்டிருந்தார். மற்றவை நோட்டில் மட்டுமே இருந்தவை. அவற்றில் வெகு தூரத்தில் இருந்த ஒன்று அவருடைய அப்பா கண்டுபிடித்தது. அதை 'அப்பனோட பார்' என்றார்.

மறுபடி எடுக்க முடியுமா என்று கேட்டேன். முடியும் என்றார். இரண்டு கோடுகளில் ஒன்று இன்னும் இருந்தால், அதைப் பிடித்துக்கொண்டே போய், ஈயக்குண்டு கட்டிய கயிற்றைப் போட்டுப் போட்டு ஆழம் பார்க்க வேண்டும். எழுதிய எண்ணும் ஆழமும் ஒத்துவரும் இடத்தில் நின்று, இப்போது கரையில் எது எதற்கு நேராக இருக்கிறது என்று பார்த்துப் புதிதாக வரைய வேண்டும். ஆனால் அவருக்குத் தூரப் பார்வை கூர்மை, கிட்டத்து எழுத்து தெரிவதில்லை. எனக்கு நேர் எதிர். கண்ணாடி இல்லாமல் பொடி எழுத்தைப் படிப்பேன், கடலில் நின்றால் கலங்கரை விளக்கமும் தென்னையும் எனக்கு ஒன்றுதான்.

"நீங்க பார்த்துச் சொல்லுங்க. நான் எழுதித் தருகிறேன்" என்றேன்.

"சாருக்கு வாந்தி வரும்."

"வரும்."

"வரட்டும்" என்றார் சிலுவையன். "நான் மூணு வருஷம் வெயில்ல நின்னேன் அல்லோ."

வந்தது. முதல் ஐந்து நாட்கள் நான் கடலுக்குக் கொடுத்ததுதான் அதிகம். சிலுவையன் ஒவ்வொரு முறையும் படகை நிறுத்தி, நான் நிமிரும் வரை காத்திருந்து, "சார் ஆய்வு முடிஞ்சுதா?" என்று கேட்பார். ஆறாம் நாள் கொஞ்சம் தேறினேன். அவர் கயிற்றை இழுத்துப் பாகம் எண்ணுவார். "சிலுவைக்கு இடது பக்கம், மூணாவது கிரேன் கால் தொடுது, எழுது" என்பார். நான் வரைவேன். வரைந்ததைக் கை நீட்டித் தூரத்தில் பிடித்துப் பார்த்து, "இது கிரேனா, கொக்கா?" என்பார். முப்பத்தைந்து ஆண்டு வேலையில் என் வரைவை இவ்வளவு கறாராகத் திருத்திய மேலதிகாரி யாரும் இல்லை. ஒரு நாள் நான் வழக்கம்போல் 'இருக்கலாம்' என்று ஓர் இடத்தில் எழுதியதை வாசித்துக் காட்டினேன். "இருக்கா, இல்லையா? தெரியலைன்னா கயிறைப் போடு" என்றார். புதியவர்களே, எங்கள் தொழிலைப் பற்றி நான் கேட்ட மிகச் சிறந்த அறிவுரை அது. நான் கேட்டபோது ஓய்வு பெற்று ஐந்து மாதம் ஆகியிருந்தது.

இதுவரை பன்னிரண்டு கிடைத்திருக்கின்றன. அப்பனோட பார் கிடைக்கவில்லை. அதன் இரண்டு கோடுகளில் ஒன்றுக்கு இரட்டைத் தென்னை, மற்றதற்கு மலை. இரண்டும் மறைந்துவிட்டன. ஒன்பது நாள் தேடினோம். "அது கெடக்கட்டும், அப்பன் எடுத்துக்கிட்டாரு" என்று சிலுவையன் சொல்லிவிட்டார். என்னைச் சமாதானப்படுத்தத்தான் சொன்னார். அவர் அதைச் சொல்லும்போது கடலைப் பார்க்கவில்லை, நோட்டைப் பார்த்தார். அந்தப் பக்கத்தில் என் சிவப்புப் பென்சில் எழுத்து இன்னும் இருக்கிறது. அழிக்கட்டுமா என்று கேட்டேன், வேண்டாம் என்றார்.

போன வாரம் கரைக்குத் திரும்பியதும் இருவரும் டீ குடிக்கப் போனோம். மூன்று அலுவலகங்களுக்கும் செய்தி கொடுத்த அதே டீக்கடை. அந்த வார்டன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். எனக்கு இடம் கொடுத்துவிட்டு, மிகவும் மரியாதையாக ஆரம்பித்தார்.

"சாரே, தெனமும் சிலுவையன் கூடப் போறீங்களாம். நோட்டுல என்னவோ எழுதுறீங்களாம். என்ன விஷயம்?"

டீ ஆற்றிக்கொண்டிருந்த கடைக்காரரின் கை நின்றது.

"மீன் பிடிக்கத்தான்" என்றேன்.

"மீன் பிடிக்க நோட்டு எதுக்கு சாரே?"

நான் டீ கிளாஸைக் கையில் பிடித்துக்கொண்டு கடலைப் பார்த்தேன். பதில் எனக்குப் பாகக் கணக்கு உட்பட முழுதாகத் தெரியும். வாயைத் திறக்கவில்லை.

பக்கத்தில் சிலுவையன் கடைசி வாய் டீயைக் குடித்துவிட்டு, கிளாஸை பெஞ்சில் வைத்தார்.

"சார் மௌனம்" என்றார் வார்டனிடம். "எழுதிக்கோ. கீழ ரெண்டு கோடு போட மறந்துராத."